ஆண்கள் நடக்கும் திசை

எங்கள் ஊர்ச் சதுக்கத்தைப் பெண்கள் வலமாகச் சுற்றுவார்கள், ஆண்கள் இடமாகச் சுற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடு மண்டபத்தில் பேண்டு வாசிக்க ஆரம்பித்ததும் கல்யாணமாகாதவர்கள் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். உள் வரிசை பெண்களுக்கு, வெளி வரிசை ஆண்களுக்கு. பிடித்துப்போனால் ஒருவன் ஒருத்தியின் கையில் கார்டேனியா பூ ஒன்றைக் கொடுப்பான். அடுத்த சுற்றில் எதிரே வரும்போது அவள் அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால், அவன் தன் வரிசையை விட்டுத் திரும்பி அவள் பக்கத்தில் நடக்கலாம். திரும்புவது எப்போதும் ஆண்தான். ஒரு பெண் திரும்பி ஆண்கள் திசையில் நடந்தாள் என்று எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

நான் திரும்பினேன். எனக்கு அப்போது அறுபத்தேழு வயது. என் இடது முட்டிதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் பாதி உண்மை.

என் பெயர் ரெஃபூஹியோ. அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட்டவர் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நான் கூக்கா, நிக்கானோர் ரொட்டிக்கடைக் கூக்கா. என் கணவர் நிக்கானோர் மாவு பிசைவார், நான் அடுப்பின் முன் நிற்பேன். நின்று நின்றே பிள்ளைகளை வளர்த்து வடக்கே அமெரிக்காவுக்கு அனுப்பினோம். அவர் போய்ச் சேர்ந்த பிறகு கடையை மூடினேன். இனிமேல் உட்காரலாம் என்று நினைத்தபோது முட்டி போய்விட்டது.

முட்டி வலி வந்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரு வீட்டில் எத்தனை இடத்தில் குனிந்து நிமிர வேண்டியிருக்கிறது என்று. கழிவறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க சுவரைப் பிடிக்க வேண்டும். கோயிலில் எல்லோரும் மண்டியிடும்போது நான் மட்டும் துரை மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். சாராயத்தில் கஞ்சா இலையை ஊறவைத்துத் தேய்த்துக்கொள்வது எங்கள் பக்கத்து வைத்தியம். அந்தப் பாட்டில் இல்லாத வீடு கிடையாது, பாதிரியார் வீடு உட்பட. ஒரு பாட்டில் முழுக்கத் தேய்த்தேன். வாசனை நன்றாக இருந்தது. வலி அப்படியே இருந்தது.

அதனால் உட்கார்ந்தேன். உட்கார உட்கார வலி கூடியது, வலி கூடக்கூட இன்னும் உட்கார்ந்தேன். கடைசியில் என் சித்தி மகள் சாயோ என்னை இழுத்துக்கொண்டு போய் சுகாதார நிலையத்தில் நிறுத்தினாள். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து மூட்டுத் தேய்மானம் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த அறையில் இருந்த யாதிராவிடம் அனுப்பினார்.

யாதிரா குவாதலஹாரா நகரத்திலிருந்து வந்த பிசியோதெரபிப் பெண். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, வாயில் எப்போதும் சூயிங்கம். என்னை அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொன்னாள். நடந்தேன். உடம்பை வலது பக்கம் சாய்த்து, இடது காலைத் தரையில் வைத்தும் வைக்காமலும், விந்தி விந்தித்தான் நடந்தேன். அவள் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து தினமும் நடக்க வேண்டும் என்றாள்.

“வலிக்குதுன்னு வந்தவளைப் பாத்து நடன்னு சொல்றியே, உனக்கு யாரு பொண்ணே படிப்பு சொல்லிக் குடுத்தது?”

“உக்காந்து உக்காந்துதான் இந்தக் கோலம். அதுக்கு எந்தப் படிப்பும் வேணாம்மா,” என்றாள்.

வாய்க்கு வாய் பேசுகிறவளை எனக்குப் பிடிக்கும். உட்கார்ந்து கேட்டேன். முட்டிக்குள் இருக்கும் குறுத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாதாம். அழுந்திப் பிறகு விடுபடும்போதுதான் அது தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளுமாம். நடந்தால்தான் அதற்குச் சாப்பாடு. தொடைத் தசை வலுவானால் முட்டியின் சுமையில் பாதியை அது வாங்கிக்கொள்ளும். நடக்கும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம், மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி. வராவிட்டால் நடந்தது அதிகம். குதிகால் முதலில், பிறகு விரல். அடி சின்னதாக, பார்வை நேராக. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும் என்றாள். அந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு வினையாக வந்தது.

என்னைப் போல் தேய்ந்துபோனவர்களை எல்லாம் சேர்த்துக் காலையில் சதுக்கத்துக்கு வரச் சொன்னாள். சமதரை, நாலு பக்கமும் பெஞ்சு, மரநிழல். முதல் நாள் எல்லோரும் ஒரே திசையில் நடக்க வேண்டும் என்று கைகாட்டிவிட்டு மண்டபத்துப் படியில் நின்றாள். கிழவிகள் வலமாகப் போனோம், கிழவர்கள் இடமாகப் போனார்கள். யாரும் யோசிக்கவில்லை, கால்களே போய்விட்டன. அவள் ஓடிவந்து ஆண்களைத் திருப்பிவிட்டாள். ஒரு மூலை தாண்டியதும் அவர்கள் மறுபடி தங்கள் திசைக்கு வந்துவிட்டார்கள். எப்படியோ நடந்தால் சரி என்று விட்டுவிட்டாள்.

அந்தக் கூட்டத்தில் சேராமல் தனியாக ஒருவர் நடந்துகொண்டிருந்தார். எவாரிஸ்தோ. வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை, மழித்த முகம். வடக்கே கூரை வேயும் வேலை பார்த்துவிட்டு, மனைவியை அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். தண்ணீர்த் தொட்டித் தெருவில் அப்பா காலத்து வீட்டில் தனிவாசம். யாதிரா அவரையும் கூப்பிட்டுப் பார்த்தாள். தனக்கு ஒரு நோயும் இல்லை, காற்று வாங்க வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

சின்ன வயதில் இந்த எவாரிஸ்தோ சாயோவுக்குக் கார்டேனியா கொடுத்தவர். அவள் அடுத்த சுற்றிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள், மீசை சரியாக முளைக்கவில்லை என்று. அப்போது அவள் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது நான்தான். அதற்குப் பிறகு நான் அவரை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மனதுக்குள் வைத்துக்கொண்டு காலம் தள்ளினேன் என்று யாராவது சொன்னால் நாக்கை அறுத்துவிடுவேன். நிக்கானோரோடு நன்றாக வாழ்ந்தேன். இது புதுசாக வந்தது, முட்டி வலியோடு வந்தது.

எதிரெதிராக நடப்பவர்கள் ஒரு சுற்றில் இரண்டு முறை சந்திப்பார்கள். எங்கள் இருவருக்கும் அது ஒரு தடவை கோயில் வாசலில், ஒரு தடவை நகராட்சிக் கட்டடத்தின் எதிரில். முதலில் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். பிறகு ஒவ்வொரு தாண்டலிலும் ஒரு வாக்கியம். நின்று பேசுவது வழக்கமில்லை. ஆகவே அவர் கோயில் வாசலில் ஒன்றைக் கேட்டால், நான் பாதிச் சதுக்கம் யோசித்துக்கொண்டே போய், நகராட்சி எதிரில் பதில் சொல்வேன். அதற்கு அவருடைய பதில் மறுபடி கோயில் வாசலில் கிடைக்கும். மற்றவர்கள் ஒரு நிமிடத்தில் பேசி முடிப்பதை நாங்கள் காலை முழுக்கப் பேசினோம்.

ஒருநாள் கோயில் வாசலில், உங்கள் ரொட்டியின் வாசனை வடக்கே இருந்தபோதுகூட நினைவுக்கு வரும் என்றார். அந்த அடுப்பு அணைந்து நாளாகிவிட்டது என்று நகராட்சி எதிரில் சொன்னேன். அடுத்த தாண்டலில் அவர் மெதுவாகச் சொன்னார்:

“செங்கல் அடுப்பு. அணைச்சாலும் சூடு அவ்வளவு சீக்கிரம் போகாது.”

பாதிச் சதுக்கமும் காது எரிய நடந்தேன். நகராட்சி எதிரில் வந்தபோது வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டுத் தாண்டிப் போனேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்து, கிழட்டுக் கழுதையே என்று என்னையே திட்டினேன்.

ஆனால் நடை மாறிவிட்டது. முதல் நாள் வெட்கத்தில் செய்ததை இப்போது வேண்டுமென்றே செய்தேன். அவர் எதிரே வரும் இடம் நெருங்கும்போது உடம்பை நிமிர்த்துவேன், குதிகாலை முதலில் வைப்பேன், இரண்டு காலிலும் சமமாகச் சுமையை இறக்குவேன். வலிக்கும், பல்லைக் கடித்துக்கொள்வேன். தாண்டியதும் மறுபடி விந்துவேன். மரங்களை உருளையாக வெட்டி அடர்த்தியாக வளர்த்திருப்பதால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தெரியாது. அது எனக்கு வசதியாக இருந்தது. நாள் போகப் போக நிமிர்ந்து நடக்கிற தூரம் நீண்டது, விந்துகிற தூரம் குறைந்தது. படியேறும்போது சுவரைப் பிடிக்க மறந்துபோனேன். யாதிரா என்னை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்ட ஆரம்பித்தாள். எல்லாம் பயிற்சியின் பலன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

மழை பெய்த நாட்களில் நடை கிடையாது. ஜன்னலில் நின்று சதுக்கத்துப் பக்கம் பார்ப்பேன். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். மத்தியானம் சூப்பைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது நாளைக்குச் சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். அவர் என் பக்கத்தில் நடக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. எதிரே வருவதும் போவதும் போதவில்லை. ஒருநாள் அவர் தன் திசையை விட்டுத் திரும்பி, என் தோளுக்கு நேராகத் தோள் வைத்து, ஒரு முழுச் சுற்று வர வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காக ஏங்கிய ஏக்கம், பதினெட்டு வயதில்கூட எனக்கு வந்ததில்லை.

நடைக்குப் போட்டுக்கொள்ளும் என் சட்டையை நான் இஸ்திரி போடுவதைச் சாயோ ஒருநாள் பார்த்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நான் திருப்பிக் குடுத்த பூவையா நீ இப்ப பொறுக்கப் போறே?” என்றாள்.

“உனக்குப் பொறாமை.”

“பொறாமையா. எனக்கு முட்டி நல்லாருக்கு, புருஷனும் உயிரோட இருக்கான். எனக்கென்னடி குறை?”

“அது ரெண்டும்தான் குறை,” என்றேன். வாரம் முழுக்க இந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. அவள் அப்படித்தான், என்னைக் கிண்டல் பண்ண அவளுக்கு மட்டும்தான் உரிமை.

மழைக்காலம் முடிகிற சமயம் முட்டி மறுபடி வீங்கியது. காலையில் எழுந்தால் முந்தின நாள் வலி அப்படியே இருந்தது. மறைத்துப் பார்த்தேன், நிமிர்ந்து நடக்க முடியவில்லை. யாதிரா பார்த்துவிட்டாள். முட்டியை அழுத்திப் பார்த்தாள், என் ஷூவைக் கழற்றி அடிப்பாகத்தைப் பார்த்தாள். பிறகு நடைபாதையில் உட்கார்ந்து தன் பாட்டில் தண்ணீரைக் கொட்டினாள். தண்ணீர் நேராகத் தெருப்பக்கம் ஓடிச் சாக்கடையில் விழுந்தது. மழைத்தண்ணீர் நிற்கக் கூடாது என்று எந்தக் காலத்திலோ யாரோ தளத்தைச் சாய்வாகப் போட்டிருக்கிறார்கள். வலமாகச் சுற்றுகிறவர்களுக்கு இடது கால் எப்போதும் பள்ளத்தில். என் கெட்ட கால் அதுதான்.

“ஒண்ணும் பெரிசில்லம்மா. நாளையிலிருந்து திசையை மாத்திடுங்க,” என்றாள்.

முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். எங்கள் ஊரில் பெண்கள் அந்தப் பக்கம் நடப்பதில்லை என்றேன். இந்த வயதில் உங்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிரித்தாள். ஷூ துடைக்கிறவன், சோளக்கஞ்சி விற்கிறவள், காலைப் பூசை முடிந்து வரும் பெண்கள், நகராட்சிக் காவலாளி என்று நான் பட்டியல் போட்டேன். அது சாக்கு. நிஜமான காரணத்தை அவளிடம் எப்படிச் சொல்வது? நானும் அவர் திசையில் நடந்தால், இருவரும் ஒருவர் பின் ஒருவராகச் சுற்றிக்கொண்டே இருப்போம். எதிரே வரவே மாட்டார். அந்த முகம் எனக்கு இல்லாமல் போய்விடும்.

திரும்பாவிட்டால் சதுக்கத்தில் நடக்கவே விடமாட்டேன், பள்ளிக்கூட மைதானத்துக்கு அனுப்பிவிடுவேன் என்றாள் யாதிரா. அவள் சொன்னால் செய்கிறவள்.

ஒரே வழிதான் இருந்தது. அவர் திரும்ப வேண்டும். திரும்பி என் பக்கம் நடந்தால், பிறகு இருவருமாக எந்தத் திசையில் போனாலும் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. மறுநாள் கோயில் வாசலில், இந்தப் பக்கம் நடப்பது என் முட்டிக்கு ஆகவில்லையாம் என்று சொல்லிவிட்டுத் தாண்டினேன். நகராட்சி எதிரில் அவர், அப்படியானால் மாறி நடங்கள் என்றார். பாதிச் சதுக்கம் நடந்து, பெண்கள் தனியாக அந்தப் பக்கம் நடப்பதில்லையே என்றேன். ‘தனியாக’ என்பதை அழுத்திச் சொன்னேன். ஒரு பெண் இதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? நகராட்சி எதிரில் அவர் தொப்பியைத் தொட்டார். பதில் சொல்லவில்லை. அதற்கடுத்த தாண்டலிலும் சொல்லவில்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்று முழுக்க வீட்டில் பாத்திரங்கள் என்னிடம் அடிவாங்கின. பூ கொடுக்கத் தெரிந்த மனிதனுக்குத் திரும்பத் தெரியாதா? சாயோவுக்குத் திரும்பியிருப்பாரே. எனக்கென்றால் கழுத்து வலிக்கிறதா? சாயங்காலத்துக்குள் முடிவு செய்துவிட்டேன். யாருக்காகவும் என் காலை நான் கெடுத்துக்கொள்ளப் போவதில்லை.

காலையில் என் கடை இருந்த மூலையிலிருந்து சதுக்கத்தில் இறங்கி, இடது பக்கம் திரும்பாமல் வலது பக்கம் திரும்பினேன். ஷூ துடைக்கிறவனின் பிரஷ் பாதியில் நின்றது. எதிரே வந்த பெண்கள் இரண்டாகப் பிரிந்து எனக்கு வழிவிட்டார்கள், நான் ஏதோ வண்டி போல. அதில் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். நான் பார்வையை நேராக வைத்து நடந்தேன். தளத்தின் சாய்வு இப்போது வலது காலுக்குப் போயிருந்தது. உண்மையிலேயே இடது கால் லேசாக இருந்தது.

அவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் முதுகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். தொப்பி அவருடையது, நடை அவருடையது இல்லை. வலது காலை மடக்காமல் கட்டை போல் இழுத்துக்கொண்டு, இடுப்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு, பெஞ்சுகளின் முதுகை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துப் போனார். மரத்தடியில் ஒரு தடவை நின்று தொடையைப் பிசைந்துகொண்டார். என்னைவிட மோசம். கோயில் வாசலுக்குச் சற்று முன்னால் பெஞ்சை விட்டார், முதுகை நிமிர்த்தினார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அதன் பிறகு நேராக, எனக்குத் தெரிந்த அந்த நடையில் நடந்து வாசலுக்குப் போனார். கை தொப்பிக்குப் போயிருந்தது.

எதிரே நான் இல்லை. பெண்கள் வரிசையைத் தேடினார். கால்மாற்றி நின்று, கழுத்தை நீட்டித் தேடினார். ஐயோ, அந்தத் தேடலை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காக ஒருவர் அப்படித் தேடி நான் பார்த்ததில்லை. கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே திரும்பிப் பார்த்துவிட்டார்.

நான் எந்தப் பக்கமிருந்து வந்திருக்கிறேன் என்று பார்த்தார். எவ்வளவு தூரம் பின்னால் வந்திருப்பேன் என்று கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. காது வரை சிவந்துபோனார். தொப்பியைத் தொடக்கூட இல்லை. தெருவைக் கடந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, சந்துக்குள் போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் ஆண்கள் திசையிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். ஊர் இரண்டு நாள் பேசிவிட்டு ஓய்ந்தது. வீக்கம் வற்றியது. யாதிரா என் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுக் கைதட்டினாள். முட்டி தேறிக்கொண்டு வந்தது, நான் தேறவில்லை. கோயில் வாசல் வரும்போது யாருக்காக நிமிர்வது? நகராட்சி எதிரில் வந்தால் சொல்ல வாக்கியம் இருந்தது, கேட்க ஆள் இல்லை. எதிரே வந்துகொண்டிருந்த மனிதரை நானே போய்ப் பின்னாலிருந்து பார்த்துத் தொலைத்தேன் என்று அழுதேன். வெங்காயம் நறுக்கும்போது அழுதால் யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் நிறைய வெங்காயம் நறுக்கினேன்.

சாயோ வந்து கிண்ணம் நிறைய வெங்காயத்தைப் பார்த்தாள். கிண்டல் செய்யவில்லை.

“அவன் வெட்கம் வந்தா ஒளிஞ்சுக்குற ஆளுடி. நான் பூவைத் திருப்பிக் குடுத்தப்ப மாசக்கணக்குல சதுக்கத்துப் பக்கமே வரல. அப்புறம் வந்தான்னு பாத்தா, சொல்லிக்காம வடக்கே போயிட்டான்,” என்றாள். “அன்னிக்கு யாரும் போய்க் கூப்பிடல.”

தண்ணீர்த் தொட்டித் தெரு மேடு. உருளைக்கல் பாவியது. மேடு ஏறக் கூடாது என்று யாதிரா சொல்லியிருந்தாள். சுவரோரமாக ஏறினேன். எவாரிஸ்தோவின் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே நாற்காலி நகரும் சத்தம், பிறகு அந்தக் கால் இழுபடும் சத்தம். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் முகம் தெரிந்தது. மழிக்காத முகம்.

“பாத்துட்டீங்க,” என்றார்.

“பாத்தேன்.”

கூரைமேல் நாளெல்லாம் மண்டியிட்டு ஆணி அடித்ததில் முட்டி போய்விட்டதாகச் சொன்னார். அங்கே டாக்டர்கள் ஆபரேஷன் என்றார்கள், மனைவி அப்போது படுக்கையில் இருந்ததால் தள்ளிப் போட்டார். ஊருக்கு வந்த பிறகு காலையில் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் நடக்கலாம் என்று சதுக்கத்துக்கு வந்தார். முதல் நாளே நான் எதிரே வந்தேனாம், நல்லா நிமிர்ந்து.

“அவ்வளவு நேரா நடந்து வர்றவங்க முன்னால, நான் எப்படி இழுத்துக்கிட்டு வர்றது? அன்னிக்கு நீங்க சொன்னது எனக்குப் புரியாம இல்ல. திரும்பி உங்க பக்கத்துல நடந்தா ஒரு சுற்று முழுக்க நிமிர்ந்து நடக்கணும். என்னால ரெண்டு பெஞ்சு தூரம்தான் முடியும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. என் கதையையும் சொன்னேன். எந்த மரத்திலிருந்து நிமிர்வேன், எந்த மரத்தில் விந்த ஆரம்பிப்பேன் என்பது வரை சொன்னேன். அவர் நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“உங்களை நான் பாத்திருக்கேன்,” என்றார். “நீங்க நேரா நடக்குறவங்க.”

அந்த நம்பிக்கையை உடைக்க எனக்கு மனசில்லை. உடைக்காமலும் வேறு வழியில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“நாளைக்கு நான் முன்னால போறேன். நீங்க பின்னால வாங்க. நான் திரும்பிப் பாக்க மாட்டேன், சத்தியமா. நீங்க பாருங்க. நல்லா பாத்துட்டு, அப்புறமும் வீட்டுக்குள்ளதான் இருக்கணும்னு தோணினா இருங்க. எனக்கு உங்க கூட நடக்கணும் எவாரிஸ்தோ. உங்க கால் எப்படி இருந்தாலும் அதோட நடக்கணும்.”

அவர் ஜன்னலைச் சாத்தவில்லை. மேட்டிலிருந்து இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம் என்று இறங்கும்போதுதான் தெரிந்தது.

காலையில் சட்டைக்கு இஸ்திரி போடவில்லை. சதுக்கத்தில் இறங்கி ஆண்கள் திசையில் நடக்க ஆரம்பித்தேன். நிமிரவில்லை. உடம்பு எப்படிச் சாய வேண்டுமென்று கேட்டதோ அப்படிச் சாயவிட்டேன், கால் எப்படி விந்தியதோ அப்படி விந்தவிட்டேன். கஞ்சி விற்கிறவள் கரண்டியைப் பிடித்தபடி பார்த்தாள். படியில் நின்ற யாதிரா, குதிகால் முதலில் என்று கத்தினாள். நான் காதில் வாங்கவில்லை. ஒரு சுற்று முடிந்தது. பின்னால் ஒன்றுமில்லை. கோயில் மணி அடித்தது, பூசை முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். இவ்வளவுதானா என்று நினைத்தபோது எனக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு அடி ஊன்றி, ஒரு அடி இழுபட்டு. ஒரு அடி ஊன்றி, ஒரு அடி இழுபட்டு. நிமிர்ந்த நடையில் அந்தச் சத்தம் வராது.

எதிரே சாயோ தன் கணவனுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள், என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடியதை நான் அன்றுதான் பார்த்தேன். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று உயிர் துடித்தது. அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது. சத்தியம் செய்து தொலைத்திருந்தேன், பார்க்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, என் கோணல் நடையைப் பின்னால் வருகிறவருக்கு முழுசாகக் காட்டிக்கொண்டு நடந்தேன்.

நகராட்சி மூலை திரும்பும்போது அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

“கூக்கா,” என்றார். “கொஞ்சம் மெதுவாப் போங்க.”

முட்டி கெட்ட நாளிலிருந்து எல்லோரும் எனக்காகத்தான் நின்றார்கள், லீவுக்கு வரும் பிள்ளைகள், சாயோ, கல்லறைக்குப் போகிற ஊர்வலம்கூட. என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. மெதுவாக நடந்தேன்.